பாரோமீட்டர் ஏறும்போதுதான் கவனம், பாப்பா

காட்பாடி
தை 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். பொங்கல் நல்லபடியாக முடிந்தது. அத்தை வீட்டுப் பஞ்சாயத்தும் ஒருவழியாகத் தீர்ந்தது. தம்பி எருது விடும் விழா பார்க்க அணைக்கட்டுப் பக்கம் போய், ராத்திரி வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். நீ இன்னும் இரண்டு மாதம் கப்பலிலேயே இருக்கக் கையெழுத்துப் போட்டதையும் அவன்தான் சொன்னான். அது இருக்கட்டும். நியூயார்க்கிலிருந்து சவன்னாவுக்கு இறங்குகிறீர்களாமே. அப்படியென்றால் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் துருத்திக்கொண்டிருக்கும் ஹேட்டரஸ் முனையைத் தாண்ட வேண்டும். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வங்கக் கடல் புயல் கணக்கை அங்கே போடாதே. நம் புயலுக்குக் கடலின் சூடுதான் ஆதாரம், கரை ஏறினால் அடங்கிவிடும். அங்கே குளிர்காலப் புயல் உருவாவது, அமெரிக்க நிலப்பகுதியின் குளிர்காற்றும் கடல்பக்கத்து வெப்பக்காற்றும் உரசுகிற இடத்தில். அங்கே ஓடும் கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற வெப்ப நீரோட்டம் அந்த வித்தியாசத்தைக் கரையை ஒட்டியே கூட்டிவிடும், ஈரத்தையும் ஏற்றிவிடும். அந்த ஈரம் மேலே போய் மழையாக, பனியாக மாறும்போது வெளிவிடும் வெப்பம் தாழ்வழுத்தத்தை மேலும் ஆழமாக்கும். புயல் மையத்தின் காற்றழுத்தம் 24 மணி நேரத்தில் 24 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் அது ‘பாம்’, அதாவது வெடிப்பதுபோல வலுக்கும் புயல் என்று வானிலை ஆய்வாளர்கள் சாண்டர்ஸும் ஜியாகமும் 1980-ல் சொன்னது 60 டிகிரி அட்சரேகைக்கு. நீ இருக்கப்போவது 35-க்கும் 40-க்கும் நடுவில். அங்கே 16 முதல் 18 இறங்கினாலே அதே கதைதான். 24 வரட்டும் என்று காத்திருக்காதே.

இதில் முக்கியமானதைச் சொல்கிறேன். கடல் தன் வெப்பத்தை அதிகமாகக் கொடுப்பது புயல் வரும்போது அல்ல, மையம் கடந்துபோன பிறகு. காற்று வடமேற்குக்குத் திரும்பும், பாரோமீட்டர் காட்டும் காற்றழுத்தம் ஏறத் தொடங்கும், நிலத்துக் குளிர்காற்று அப்படியே வெதுவெதுப்பான நீர்மேல் கொட்டும். நீர் 20 டிகிரி, காற்று 0 டிகிரி, காற்றின் வேகம் 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கிலோமீட்டர்) என்று வைத்துக்கொள். நேராகக் காற்றைச் சூடாக்குவதில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 550 வாட் போகும். ஆவியாவதில் 800-க்கு மேல் போகும். மே மாத உச்சிவெயிலில் நம் மொட்டை மாடியில் விழுவது சுமார் 1000 வாட். அதைவிட அதிகமாக அந்தக் கடல் ராத்திரியிலும் கக்கிக்கொண்டிருக்கும். ஒரு நாளில் 30 மில்லிமீட்டர் நீர் ஆவியாகப் போகும்.

அடியில் சூடு பட்டதும் காற்று கீழும் மேலுமாகக் கலங்கும். உயரத்தில் ஓடும் வேகக் காற்று தவணை தவணையாகக் கடல்மட்டத்துக்கு இறங்கும். அதனால்தான் அழுத்தம் ஏறும்போதும் திடீர் வீச்சுகள் வருகின்றன. “பிரஷர் ஏறிவிட்டது, இனிமேல் சரியாகிவிடும்” என்று கப்பலை ஓட்டும் பிரிட்ஜ் அறையில் யார் சொன்னாலும் நம்பாதே. கடலிலிருந்து புகைபோல எழும் ஆவி பார்வையை மறைக்கும், ரேடாரை விட்டு நகராதே.

நீரின் வெப்பத்தை மணிக்கு ஒருமுறை லாக் புக்கில் எழுது. என்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் என்ஜின் ரூம் இன்டேக் காட்டுவது சில மீட்டர் ஆழத்து நீர், கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். அது பரவாயில்லை, ஏற்ற இறக்கம்தான் முக்கியம். நீரோட்டத்தின் வடக்கு விளிம்பில் சில பத்து கிலோமீட்டருக்குள் 10 டிகிரிக்கு மேல் தாவும். வெப்பப் பக்கத்துக்குள் நுழைந்ததும் காற்றின் வேகமும் கூடும். அங்கே தெளிக்கும் நீர் உறையாது, ஆனால் அலை மோசம். குளிர்ந்த பக்கம் அலை சற்றுக் குறையலாம், ஆனால் நீர் 5 டிகிரி அளவுக்கு இறங்கி, காற்றும் மைனஸ் 2-க்குக் கீழே போனால் முன்தளத்தில் கயிறு இழுக்கும் விஞ்சிலும் கயிற்றிலும் ஐஸ் ஏறும். எந்தப் பக்கம் போவது என்பது கேப்டன் முடிவு. அவருக்கு எண்ணை நேரத்துக்குக் கொடுப்பது உன் வேலை.

புயல் வருவதற்கு முன்னால் வடகிழக்குக் காற்று அடிக்கும்போது நீரோட்டத்துக்குள் போகக்கூடாது. நீர் 3, 4 நாட் வேகத்தில் வடகிழக்கு நோக்கி ஓடும், காற்று எதிரே வரும். அலை குட்டையாகி, செங்குத்தாக எழும்பும். தெற்கே இறங்கும் கப்பல் நீரோட்டத்துக்கு உள்பக்கமாகக் கரையோரம் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடலும் சும்மா கொடுத்துவிடுவதில்லை. மேல்நீர் குளிர்ந்து கனத்து அடியில் இறங்கும், கீழ்நீர் மேலே வரும். நான் சொன்ன கணக்கில் 100 மீட்டர் ஆழத்து நீர் முழுக்க ஒரே நாளில் 0.3 டிகிரி குளிரும். குளிர்காலம் முழுக்க இப்படி நடந்து, நீரோட்டத்துக்குத் தெற்கே சில நூறு மீட்டர் ஆழத்துக்கு 18 டிகிரி நீர் ஒரே சீராகத் தேங்கிவிடும். கடலியல் ஆய்வாளர் வொர்திங்டன் 1959-ல் அதற்கு ‘பதினெட்டு டிகிரி நீர்’ என்றே பெயர் வைத்தார். ஜப்பான் பக்கம் ஓடும் குரோஷியோ வெப்ப நீரோட்டத்திலும் இதே மாதிரிதான்.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அனுப்பும் வானிலை ரிப்போர்ட்டை ஒப்புக்கு நிரப்பாதே. எட்டு–பன்னிரண்டு மணி வாட்ச், அதாவது பிரிட்ஜ் காவல் முறையைத் தனியாகப் பார்க்கிறாய் என்று எதிர்வீட்டு வாத்தியாரிடம் உன் அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் வாட்ச் முடிந்ததும் தூங்கு. பாரோமீட்டர் ஏறும்போதுதான் ஆட்கள் அசந்துபோகிறார்கள், திரும்பவும் சொல்கிறேன்.

சவன்னா போய்ச் சேர்ந்ததும் அந்த வாட்ச்களின் அழுத்தமும் நீர் வெப்பமும் எனக்கு அனுப்பு, வரைந்து பார்க்கிறேன். அம்மாவுக்குத் தனியாகப் போன் போடு. “நல்லாதான் இருக்கேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே, போன தடவை அப்படிச் சொன்னபோது அன்றைக்கெல்லாம் அவள் சாப்பிடவில்லை. தம்பியின் காலேஜ் ஃபீஸ் போன வாரமே கட்டியாகிவிட்டது, வீட்டுக் கடன் தவணையை என் பென்ஷனில் பார்த்துக்கொள்கிறேன். அதற்காக நீ அங்கே ஒரு நாள்கூடக் கூடுதலாக நிற்க வேண்டாம்.

அப்பா