பெயரையும் எழுது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே டர்பன் சாட்ஸ்வர்த்தில் எல்லோரும் நலம். உன் வேலை நிரந்தரமாகிவிட்டதை அப்பா கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். லண்டனில் மியூசியம் கியூரேட்டர் என்றதும் அவர்கள் பழைய சிலை, பழைய நாணயம் என்றுதான் நினைக்கிறார்கள். இல்லை, இன்றைக்கு உயிரோடு இருக்கிறவர்கள் கையால் செய்கிற கூடை, பானை, துணி, இதையெல்லாம் பார்த்துப் பொறுக்கி வாங்கிப் பாதுகாக்கிற வேலை என்று நான் பின்னாலேயே போய் விளக்குகிறேன். ஆறு மாத ஒப்பந்தம், ஒரு வருஷ ஒப்பந்தம் என்று எத்தனை காலம் தவித்தாய். அந்தக் கவலை தீர்ந்ததே பெரிய நிம்மதி.

போனில் பேசினால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். இனி எதை வாங்குவது என்று சொல்கிற இடத்தில் நீ இருக்கிறாய். அதனால் ஒன்று கேட்கிறேன்: உன் கையால் உள்ளே போகிற எந்தப் பொருளும் செய்தவர் பெயர் இல்லாமல் போகக் கூடாது.

நம் ஊர் ஜூலு மக்களின் பானையையே எடுத்துக்கொள். எத்தனை கண்ணாடிப் பெட்டிகளில் அதைப் பார்த்திருக்கிறோம்! கீழே 'ஜூலு, பீர்ப் பானை, 20ஆம் நூற்றாண்டு' என்று எழுதியிருக்கும். அவ்வளவுதான். உக்காம்பா என்கிற அந்தப் பானையைச் செய்வது லேசான காரியமா? சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறுபோல் திரித்து, வட்டம் வட்டமாக அடுக்கி, கூழாங்கல்லால் தேய்த்து மினுக்கி, திறந்தவெளியில் சுட்டு, கறுப்பேற மறுபடியும் புகையில் போட வேண்டும். மேலே அமாசும்பா என்கிற சின்னச் சின்னக் குமிழ்களை வரிசை பிசகாமல் வைக்க வேண்டும். இத்தனையும் செய்த பெண்ணுக்கு ஊர் உண்டு, தாய் உண்டு, பெயர் உண்டு. துகேலா ஆற்றுப் பக்கத்து நெஸ்டா நாலா தன் அம்மாவிடம் பானை செய்யக் கற்று, தன் பெண்கள் ஜாபு, தெம்பி, ஸானேலே ஆகியோருக்கும் கற்றுக்கொடுத்தார். 2005இல் அவர் போய்விட்டார், ஆனால் எந்தப் பானை அவருடையது என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது. யாரோ கேட்டு எழுதி வைத்ததால்தானே?

ஒரு பொருளைப் பலர் சேர்ந்து செய்தால் என்ன செய்வது என்று உன் மேலதிகாரிகள் கேட்கலாம். டிராக்கன்ஸ்பர்க் பக்கம் ஃபே ஹால்ஸ்டெட் 1985இல் தொடங்கிய ஆர்ட்மோர் மண்பாண்டப் பட்டறையைச் சொல். அங்கே ஒருவர் வனைவார், ஒருவர் உருவம் செய்து ஒட்டுவார், இன்னொருவர் வண்ணம் தீட்டுவார். அத்தனை பெயரும் பொருளோடு போகும். அங்கே முதலில் பயின்ற போனி இன்ட்ஷாலின்ட்ஷாலிக்கும் ஃபேவுக்கும் சேர்த்துத்தான் 1990இல் ஸ்டாண்டர்ட் பேங்க் இளம் கலைஞர் விருது கொடுத்தார்கள். மனசிருந்தால் லேபிளில் இடம் இருக்கும்.

நான் கார்மென்ட் பேக்டரியில் காலர் தைத்தவள். சட்டையில் கம்பெனி பெயர்தான் இருந்தது, அதில் எனக்கு வருத்தமில்லை; வெட்டிக் கொடுத்ததைத் தைத்தேன், வெள்ளிக்கிழமை கூலி வாங்கினேன். வடிவத்தையே தன் மனதிலிருந்து எடுக்கிறவள் கதை வேறு.

நாம் சேர்ந்து பார்த்த கப்பல் பட்டியல் ஞாபகம் இருக்கிறதா? 1860இல் ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அத்தனை பேருக்கும் நம்பர். நம் பூட்டியின் நம்பர் தெளிவாக இருந்தது. பெயரைத்தான் கண்டபடி எழுதியிருந்தார்கள். வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு, எல்லாம் இருந்தது. அவள் கோரைப்பாய் முடைவதில் கெட்டிக்காரி என்று ஆயா சொல்லித்தான் நமக்குத் தெரியும். நீயும் ஒவ்வொரு பொருளுக்கும் பதிவு எண் போடுகிறாய். போடத்தான் வேண்டும், எண் இல்லாவிட்டால் கிடங்கில் தேடி எடுக்க முடியாது என்று நீயே சொன்னாய். பக்கத்தில் பெயரையும் எழுது. அதுவும் எழுத்துப் பிசகாமல், அவரிடமே கேட்டு எழுது.

அப்புறம், போன வாரம் கடற்கரையில் பின்னி விற்கிற ஒரு பெண்ணிடம் டெலிபோன் கம்பியில் பின்னிய இம்பெங்கே என்கிற கிண்ணம் ஒன்று வாங்கினேன். பனை ஓலையில் பின்னிப் பானைக்கு மூடியாக வைத்த சாமான்தான்; இரவுக் காவல் பார்த்தவர்கள் மிச்சக் கம்பியை எடுத்துத் தங்கள் கைத்தடியில் பின்னப் போய், அது கிண்ணத்துக்கும் வந்தது. இதில் சிவப்பும் மஞ்சளும் நடுவிலிருந்து சுழன்று வந்து விளிம்பில் கறுப்பில் முடிகின்றன. கவிழ்த்து, விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு கம்பி முனைகூடக் குத்தவில்லை. ஒவ்வொன்றையும் முந்தின சுற்றுக்கு அடியில் செருகியிருக்கிறாள். உள்பக்கத்தை இப்படி முடிக்கிறவள் கைதேர்ந்தவள். தையல்காரி எனக்கு அது தெரியும்.

கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் வருஷம் போகப் போகப் பிசுபிசுக்கும் என்று நீ சொன்னாயே, அதை அவளிடம் கேட்டேன். பழைய கேபிள் கம்பி எது, இப்போது கடையில் வாங்குகிற கம்பி எது என்று தொட்டே சொல்கிறாள். உங்கள் லேப் ஆட்கள் சோதனை போடுவதற்கு முன்னால் செய்தவளைக் கேட்டால் பாதி வேலை குறையும். எந்தப் பொருளை விற்கிறாள் என்று மட்டும் பார்க்காதே. எது தனக்குத் திருப்தியாக வந்தது என்றும் கேள். அதை வீட்டில் வைத்திருப்பாள்.

பணம் விஷயம். பெரிய இடங்களில் பில் பாஸாக மாசக்கணக்கில் ஆகும் என்பார்கள். கடற்கரையில் உட்கார்ந்திருப்பவளுக்கு டாக்ஸிக் காசு இன்றைக்கே வேண்டும். பொருளை அனுப்பச் சொல்லும்போதே பாதியாவது கொடுக்க வழி செய். இதை நீ சண்டை போட்டாவது வாங்க வேண்டும்.

அவளுடைய மகளும் பின்னுகிறாள், பள்ளி முடித்த பெண். உன்னைப் பற்றிச் சொன்னதும், மியூசியத்துக்கு எப்படி எழுதுவது, போட்டோ எத்தனை அனுப்புவது, விலையை ராண்டில் போடலாமா என்று அடுக்கிக்கொண்டே போனாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு பேர் பெயரையும் போன் நம்பரையும் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். இந்த வாரத்துக்குள் நீயே கூப்பிட்டுப் பேசு. காலையில் கூப்பிடாதே, பஸ்ஸில் இருப்பார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் கூப்பிடு.

அன்புடன்
அம்மா