அரசிலையைக் கண்ணாடிக்குள் வைக்கும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் அரசிலையை வைத்துச் சூளையில் உருக்கி ஒட்டியவற்றில் ஒன்று கொப்புளம் கட்டியது, இன்னொன்று விரிசல் விட்டது என்று எழுதியிருந்தாய். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

கொப்புளம் இலையால் வருவது. பச்சை இலையின் நீர் ஆவியாகும். கண்ணாடி ஒட்டிக்கொண்ட பிறகு அது வெளியேற வழி கிடையாது. இலையைச் செய்தித்தாள் நடுவே கனம் ஏற்றி இரண்டு வாரம் காயவை. இரண்டு நாளுக்கு ஒருமுறை தாளை மாற்று. பின்புறம் புடைத்திருக்கும் நடுநரம்பைப் பிளேடால் சீவிவிடு. அடித் தகட்டின்மேல் அதே கண்ணாடியின் தூளைச் சலித்து மெல்லியதாகத் தூவி, அதன்மேல் இலையை வை. தூளின் இடுக்குகள் வழியே காற்றும் புகையும் ஓரத்துக்குப் போய்விடும்.

3 மி.மீ. ஜன்னல் கண்ணாடி போதும். 15 செ.மீ. சதுரங்கள் இரண்டையும் ஒரே தகட்டிலிருந்து வெட்டிக்கொள். வண்ணக் கண்ணாடித் துண்டுகளைச் சேர்க்கும் ஆசை வேண்டாம். விரியும் அளவு வேறுபடும் கண்ணாடிகள் ஆறும்போது ஒன்றையொன்று இழுக்கும். சூளையிலிருந்து முழுசாக வந்தது பல நாள் கழித்துக்கூட உடையும். ஜன்னல் கண்ணாடியில் இரும்பு கலந்த இளம்பச்சை இருக்கிறது. குளத்து நீருக்கடியில் கிடக்கும் இலைபோல் காட்ட அதுவே போதும்.

சூட்டை மணிக்கு 100 டிகிரி வீதம் ஏற்று. 500 செல்சியஸில் அரை மணி நேரம் நிறுத்து. சூளையின் புகைத்துளை திறந்திருக்கட்டும், காற்று இல்லாமல் இலை எரிந்து சாம்பலாகாது, கரியாகத் தங்கிவிடும். பிறகு 680-இல் 45 நிமிடம்: மேல்தகடு மெல்லத் தணிந்து மிச்சக் காற்றைப் பிதுக்கும். அங்கிருந்து வேகமாக 820-க்கு ஏற்றிப் பத்து நிமிடம் வை. 700-க்கு மேல் தயங்கி நின்றால் மேற்பரப்பில் படிகம் படிந்து வெண்மையாக மங்கும். விரல் ரேகை பட்ட இடத்தில் அது சீக்கிரம் தொடங்கும், அதனால் கழுவிய தகட்டை ஓரம் பிடித்தே தூக்கு.

அடுத்தது விரிசல். உடைந்த விளிம்பைத் தடவிப் பார். மழுங்கியிருந்தால் சூடேறும்போதே உடைந்து, பிறகு விளிம்பு உருகியிருக்கிறது. ஏற்றத்தை மணிக்கு 80 ஆகக் குறை. கத்திபோல் கூராக இருந்தால் ஆறும்போது உடைந்தது. நீ அனுப்பிய படத்தில் விளிம்பு கூராகத்தான் தெரிகிறது. அதனால் ஆறவிடும்போது 550-இல் ஒரு மணி நேரம் நிறுத்து, பிறகு 400 வரை மணிக்கு 80 வீதம் இறக்கி, சூளையை அணைத்துவிடு. கைச்சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்காதே. பெரும்பாலான நல்ல வேலைகள் அந்தக் கடைசி ஆர்வத்தில்தான் போகின்றன.

எல்லாம் சரியாக வந்தால் நரம்பு நரம்பாக வெண்சாம்பல் மட்டும் மிஞ்சும். அதன்மேல் எதையும் வரையாதே. ஜன்னலில் தொங்கவிட்டால் பின்னொளியில் சாம்பல் நிழலாகத் தெரியும். கறுப்புத் துணிமேல் வைத்தால் வெள்ளையாக எழும். முதலில் துணிமேல் வைத்துப் பார்.

அன்புடன்