நீலகிரியில் மீன்-கீரைப் பண்ணை: ஹீட்டர் வாங்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்கழி வந்தால் ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கிற படம் உங்கள் பத்திரிகையில் தவறாமல் வருகிறது. அதே இரவில் பாலிஹவுசுக்குள், அதாவது பாலித்தீன் தாள் போட்ட குடிலுக்குள், மீன் தொட்டியும் கீரைப் படுக்கையும் வைத்திருப்பவர் படும் கஷ்டத்தை யாரும் எழுதுவதில்லை. அமைத்துத் தருகிறவர்கள் சமவெளியில் போடுகிற அதே அக்வாபோனிக்ஸ் (மீன் தொட்டித் தண்ணீரைச் சுற்றவிட்டு அதிலேயே செடி வளர்ப்பது) டிசைனை மேலே கொண்டுவந்து இறக்கிவிட்டு, "குளிருக்கு என்ன சார் செய்வது" என்று கேட்டால் "ஒரு ஹீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்" என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஹீட்டர் விஷயத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

100 சதுர மீட்டர் குடில் என்றால் கூரையும் பக்கமும் சேர்த்து 200 சதுர மீட்டர் தாள் வரும். ஒற்றைத் தாள் போட்ட குடிலில் வெளியைவிட உள்ளே 10 டிகிரி கூடுதலாக வைக்க ஏறக்குறைய 12 கிலோவாட் வேண்டும். 12 மணி நேரம் ஓடினால் ஒரு ராத்திரிக்கு 144 யூனிட்! லெட்யூஸ் கீரை விற்று அந்தக் கரண்ட் பில்லைக் கட்ட முடியாது. இத்தனைக்கும் மேகமும் காற்றும் இல்லாத இரவில் சாதாரண பாலித்தீன் தாள் தரையின் வெப்பத்தைப் பெரும்பாலும் வானத்துக்கே விட்டுவிடும். சில விடியற்காலையில் வெளியைவிட உள்ளே குளிர் அதிகமாக இருப்பது இதனால்தான்.

காற்றைச் சூடாக்குவதை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள். 1000 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 யூனிட் செலவு, இறங்கும்போது அதே அளவு வெப்பம் வெளியே வருகிறது. 5000 லிட்டர் தொட்டியின் சுவர், அடி, மூடி எல்லாவற்றுக்கும் 2 அங்குல தெர்மாகோல் போர்த்திவிட்டால் (மூடியை மறக்கவே கூடாது, ஆவியாகிப் போவதில்தான் பெரிய நஷ்டம்) ஒரு ராத்திரியில் தொட்டி வழியாகப் போகிற வெப்பம் ஒன்றரை, இரண்டு யூனிட்டைத் தாண்டாது. மிச்ச இழப்பு முழுக்க செடிப் பக்கம் போய் வருகிற தண்ணீரில்தான். அதனால் ராத்திரி பம்பு ஓட்டத்தைக் குறைத்து, பகலில் வெயில் ஏறிய பிறகு முழுசாக ஓட விடுங்கள். மெல்லிய பிவிசி குழாயில் செடி வைத்தவர்களுக்குத்தான் இது கஷ்டம். தண்ணீர் அதில் நேரமே ஆறிவிடும், வேர் காயாமல் இருக்க ஓட்டத்தை நிறுத்தவும் முடியாது. மிதவைப் படுக்கை (தண்ணீரில் மிதக்கிற தெர்மாகோல் பலகையில் செடி) வைத்தவர்கள் தப்பித்தார்கள், மிதக்கிற தெர்மாகோலே மேலே போர்வை. ஆனால் தண்ணீருக்குள் காற்றை விடுகிற மோட்டாரை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது, அது வெளிக்குளிரை இழுத்துத் தண்ணீருக்குள் விடாதபடி உள்ளேயே வைக்க வேண்டும்.

அடுத்தது திரை. கூரைக்குக் கீழே கம்பியில் இரண்டாவது தாளை இழுத்து மாலையில் மூடி, காலையில் திறந்தாலே இழப்பில் மூன்றில் ஒரு பங்கு போல மிச்சம். படுக்கை மேல் வளைவு கட்டி ஒரு துணி போட்டால் இன்னும் நல்லது. ஊட்டியில் குளிர்காலப் பகல் வெயில் சும்மா கிடைக்கிறதே, மத்தியானம் குடில் கொதிக்கத்தான் செய்கிறது. வடக்குப் பக்கம் கறுப்புப் பெயின்ட் அடித்த 200 லிட்டர் டிரம் பத்தில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். ராத்திரி 5 டிகிரி இறங்கினாலே பதினோரு யூனிட்டுக்கு மேல் வெப்பம், 2 கிலோவாட் ஹீட்டர் ஆறு மணி நேரம் ஓடினதுக்குச் சமம்.

இவ்வளவும் செய்த பிறகும் குறைந்தால் சோலார் வாட்டர் ஹீட்டரோ, கவ்வாத்துக் குச்சி எரிக்கிற அடுப்போ வைக்கலாம். வெந்நீரைத் தொட்டிக்குள் சுருட்டிய பிளாஸ்டிக் குழாயில் ஓட விட வேண்டும், செம்புக் குழாய் வேண்டாம், செம்பு கரைந்தால் மீன் செத்துவிடும். வீட்டில் பக்கெட்டில் போடுகிற ராடைத் தொட்டியில் போடுவதும் அதே ஆபத்து, ஷாக் வேறு. அடுப்பு குடிலுக்கு வெளியே இருக்கட்டும், கரியை உள்ளே மூட்டினால் விஷவாயு சேர்ந்து காலையில் கதவைத் திறக்கிறவர் உயிருக்கே உலை. பிரான்சில் 1970களில் ழான் பெய்ன் என்பவர் புதர்களை நறுக்கிக் குவித்து, அந்த மக்குச் சூட்டிலேயே வெந்நீர் எடுத்தார். நமக்குத்தான் உண்ணிச்செடியும் சீகை (வாட்டில்) மரமும் வேண்டிய மட்டும் இருக்கிறதே, ஆனால் நறுக்குகிற இயந்திரமும் குவிக்க இடமும் வேண்டும்.

எல்லாவற்றையும்விட மலிவான வழி மீனை மாற்றுவது. திலேப்பியா 16 டிகிரிக்குக் கீழே தீனி எடுக்காது, 10 டிகிரி பக்கம் போனால் சாகும். சாதாக் கெண்டை இந்தக் குளிரைத் தாங்கும், 1939-லேயே இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விட்ட மீன்தான். ஊட்டிக்குப் பக்கத்தில் அவலாஞ்சியில் வளர்கிற டிரவுட் எல்லாரும் கைவைக்கிற மீன் இல்லை, அதற்குக் குளிர்ந்த, ஓடுகிற தண்ணீர் வேண்டும், மத்தியான வெயிலில் தொட்டி 20 டிகிரியைத் தாண்டக் கூடாது. எந்த மீனாக இருந்தாலும் தண்ணீர் ஆறினால் கழிவை உரமாக மாற்றுகிற பாக்டீரியாவும் மந்தமாகிவிடும், எனவே தீனியைக் குறைத்தே ஆகவேண்டும். செடியைப் பற்றிக் கவலை வேண்டாம். லெட்யூஸ், சைனீஸ் முட்டைக்கோஸ் போன்ற இங்கிலீஷ் காய்கறிக்கு வேர் கதகதப்பாக இருந்தால் மேலே 5 டிகிரி இருந்தாலும் சரிதான்.

இதில் செடி தோட்டக்கலைத் துறை, மீன் மீன்வளத் துறை. இரண்டு பேரும் சேர்ந்து 2000 மீட்டருக்கு மேலே ஒரே ஒரு மாதிரிக் குடில் போட்டு, டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை தண்ணீர் எத்தனை டிகிரி, கரண்ட் எத்தனை யூனிட் என்று தமிழில் வெளியிட வேண்டும். அந்தக் கணக்கை உங்கள் பத்திரிகை வாராவாரம் போட்டால் இன்னும் உதவி.

இப்படிக்கு,
ஒரு பாலிஹவுஸ் விவசாயி,
நீலகிரி மாவட்டம்