கடப்பா கல்லும் கிரானைட்டும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், வீடு கட்டுவோர் பக்கத்தில், 'கறுப்பு கிரானைட், அதாவது கடப்பா கல்' என்று போட்டிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு சார். இதே குழப்பத்தில்தான் நானும் ஏமாந்தேன். காட்பாடியில் வீடு கட்டியபோது, பிளாக் கிரானைட் என்று கடைக்காரர் சொன்னதை நம்பிச் சமையல் மேடை போட்டோம், ஒரு மாதத்தில் எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்த இடமெல்லாம் வெள்ளை வட்டம். அழுக்கு என்று நினைத்து வீட்டம்மா தேய்தேய் என்று தேய்த்தார், போகவில்லை. எப்படிப் போகும், புளிப்பு பட்டுக் கல்லே அரித்திருக்கிறது!

கடப்பா கல் சுண்ணாம்புக்கல். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடலடியில் படிந்த சுண்ணாம்புச் சேறு இறுகிக் கல்லானது, அதனால்தான் ஏடு ஏடாகப் பிரிந்து பலகையாக வருகிறது. (அரியலூர் சுண்ணாம்புக்கல்லில் கிடைப்பது போல இதில் சிப்பி, சங்கு தேடாதீர்கள். ஓடுள்ள உயிர்கள் பெருகுவதற்கு முந்தைய கல் இது.) கடப்பா மாவட்டத்தில் சிமென்ட் ஆலைகள் இருப்பதும் இந்தக் கல்லை நம்பித்தான். கிரானைட் அப்படியல்ல, பூமிக்குள் உருகிய குழம்பு மெல்ல ஆறி இறுகியது.

வாங்கும்போதே கண்டுபிடிக்கலாம். பாலிஷ் போடாத அடிப்பக்கத்தில் கத்தி முனையால் கீறுங்கள், கடப்பாவில் வெள்ளையாகக் கோடு விழும், பொடி வரும். அந்தப் பொடியில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தால் நுரை கிளம்பும். கல்லில் உள்ள கால்சியம் கார்பனேட்டைப் புளிப்பு கரைக்கும்போது வெளிவரும் கரியமில வாயுதான் அது. கிரானைட்டில் நுரையும் வராது, கத்தியும் லேசில் ஏறாது, உடைந்த ஓரத்தில் மணிமணியாக மின்னும்.

நம் வேலூர்ப் பக்கம் எங்கு திரும்பினாலும் கருங்கல் மலைதான், கோட்டையும் கருங்கல்தான், அதனால் கறுப்பாக இருந்தாலே கருங்கல் என்று நம்பிவிடுகிறோம் போல.

கடப்பாவை மட்டம் என்று சொல்லவில்லை. அலமாரித் தட்டுக்கு, வாசல் திண்ணைக்கு அருமையான கல், விலையும் குறைவு. ஆனால் கிரானைட் விலைக்கு அதை விற்பது சரியா? பில்லில் கல்லின் பெயரை எழுதி வாங்கும்படி அடுத்த வாரமாவது அதே பக்கத்தில் ஒரு வரி போடுங்கள்.

ஒரு வாசகர்,
காட்பாடி