என் பழைய கேசிங்குக்கு மூச்சுவிட வழி செய்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

மட்டக்களப்பு கல்லடியில் இருந்து எழுதுகிறேன். போன ஞாயிறு பின்னேரம், கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், என் பழைய கம்பியூட்டர் ஒரு கலியாண வீடியோ முழுவதையும் ஒரு தடவைகூட அணையாமல் முடித்துத் தந்தது. உங்கள் ஒவ்வொருவருக்கும் நேரில் நன்றி சொல்லிவிட்டேன், ஆனால் ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

அந்தக் கம்பியூட்டரின் கேசிங்கை, அதாவது வெளிப்பெட்டியை, அப்பா கொழும்பில் வாங்கி, இரவு மெயில் வண்டியில் காலடியில் வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே இருந்ததெல்லாம் பிறகு இரண்டு தடவை மாறிவிட்டது. 1995ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்கிற மதர்போர்டு அளவுதான் இன்றைக்கும் ஓடுவதால், புது மதர்போர்டும் அதே ஆணித் துவாரங்களில் உட்கார்ந்துகொண்டது. ஆனால் அந்தக் காலத்துப் பெட்டிக்கு இந்தக் காலத்து கிராபிக்ஸ் கார்டின் சூடு பழக்கமில்லை. முன்பக்கம் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் சின்னச் சின்ன ஓட்டைகள், ஒரு 80 மில்லிமீற்றர் ஃபேன், அதற்கும் முன்னால் ஹார்ட் டிஸ்க் கூடு. காற்று எங்கே நுழையும்? மத்தியானம் 12 மணிக்குப் பிறகு வீடியோ ஓடவிட்டால் ப்ராசசர் 97 பாகைக்கு ஏறும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் அணைந்துபோகும். கொண்டுபோய்க் காட்டிய ஒரு கடையில், திறந்தும் பார்க்காமல், "இது முடிஞ்சுது, புதுசு எடுங்க" என்றார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன், மறைக்க ஒன்றும் இல்லை.

முதல் நன்றி கல்முனைத் தம்பிக்கு. போனிலேயே கேட்டுவிட்டு, "அக்கா, பக்கக் கதவைக் கழற்றிப்போட்டு அதே வீடியோவை ஓடவிட்டுப் பாருங்க, எவ்வளவு குறையுதெண்டு சொல்லுங்க" என்றீர்கள். 14 பாகை குறைந்தது. அப்போ ப்ராசசரில் பிழையில்லை, அதன் சூட்டைக் கடத்தப் பூசுகிற பேஸ்ட்டிலும் பிழையில்லை, பெட்டிக்குத்தான் மூச்சு முட்டுகிறது என்று அந்த ஒரு சோதனையில் காட்டிவிட்டீர்கள். கதவைத் திறந்தே விட்டுவிடலாமா என்று நான் கேட்டதற்குக் கூடாது என்றீர்களே, அது எவ்வளவு சரி! இரண்டு நாள் திறந்துவைத்ததற்கே உள்ளே மணலும் எறும்பும், பவர் சப்ளைக்கு மேலே ஒரு பல்லியும். அப்புறம் ஃபேன் சட்டத்தில் தாங்குகம்பிகள் இருக்கிற பக்கத்தால்தான் காற்று வெளியேறும், முன்பக்க ஃபேனில் அந்தப் பக்கம் உள்ளே பார்க்க வேண்டும் என்று படம் வரைந்து அனுப்பினீர்கள். அந்தப் படம் இல்லாவிட்டால் நான் நிச்சயம் மாற்றித்தான் பூட்டியிருப்பேன்.

காத்தான்குடி தகர வேலை நானா, உங்களைப் பற்றி எழுதத்தான் நான் பேப்பர் எடுத்ததே. பெட்டியை ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கியபோது நீங்கள் முதலில் கேட்டது "உள்ள இருக்கிறதெல்லாம் கழற்றியாச்சா மகள்?" என்றுதான். கழற்றவில்லை. இரும்புத் தூள் ஒரு துணுக்கு மதர்போர்டில் விழுந்து இரண்டு கம்பிக் கால்களைத் தொட்டாலே கரண்ட் குறுக்கே பாய்ந்துவிடும் என்று சொல்லி, வேலையை நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கழற்ற எனக்கு ஒரு மணி நேரம் தந்தீர்கள். 120 மில்லிமீற்றர் ஃபேன் 80ஐ விட ஒன்றரை மடங்கு அகலம்தான், ஆனால் பரப்பில் இரண்டேகால் மடங்கு என்று சுண்ணக்கட்டியால் மேசையில் எழுதிக் காட்டினீர்கள். ஆணித் துவாரங்களுக்கு இடையில் 105 என்று அளந்து, தகரத்தில் டேப் ஒட்டி, அதன் மேல் வட்டம் போட்டீர்கள். கிரைண்டர் பக்கத்திலேயே இருந்தது. பொறி பறந்து பெயின்ற் கருகும் என்று அதைத் தொடாமல், கீழே பலகை கொடுத்து, நுண்பல் பிளேட் போட்ட ஜிக்சோவால் மெதுவாக வெட்டினீர்கள். ஹார்ட் டிஸ்க் கூட்டின் ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்துவிட்டு, முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு பெரிய வட்டம். பின்பக்க ஃபேனுக்கு முன்னால் இருந்த சல்லடைத் தகரத்தையும் நீங்களே பார்த்து, "இது காற்றை மறிக்குது" என்று வெட்டி எறிந்தீர்கள். விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, திரும்பத் திரும்ப அரம் போட்டதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு கேட்டும் காசு எடுக்கவில்லை, பிளேன்டீயும் உங்கள் வீட்டில் இருந்தே வந்தது.

படகு வாடியில் வேலை செய்கிற மாமாவுக்கு: வாவிக் காற்று பட்டால் வெட்டிய தகரம் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும், விளிம்பை வெறுமனே விடாதே என்று நீங்கள் தேடிவந்து சொன்னீர்கள், மிச்சமிருந்த ரெட் ஒக்சைட் துருத்தடுப்புப் பூச்சையும் தூரிகையையும் தந்தீர்கள். இரண்டு பூச்சு போட்டேன். அதன் மேல், மீன்தொட்டிக்குக் காற்றுவிடுகிற மெல்லிய குழாயை நீளவாக்கில் கீறிச் சொருகியது மருமகனின் யோசனை. இப்போது கை பட்டாலும் கீறாது, வயர் உரசினாலும் அறாது.

ஊதுபத்தி தந்த பக்கத்து வீட்டு மாமிக்கு இது எதற்கென்று அப்போது தெரியாது. எல்லாம் பூட்டி முடித்த பிறகும் நினைத்த அளவு சூடு குறையாமல் இருந்தது. ஊதுபத்தியைக் கொளுத்திப் பெட்டியைச் சுற்றிப் பிடித்தோம். முன்னால் புகை நேராக உள்ளே போனது, நல்லது. ஆனால் பின்னால், கார்டு பூட்டுகிற இடத்தில் எப்போதோ மூடியில்லாமல் விட்ட இரண்டு துவாரங்கள் வழியே, வெளியே போன சூட்டுக் காற்று திரும்ப உள்ளே இழுபட்டது! பால்மா டின் தகரத்தில் இரண்டு துண்டு வெட்டி அடைத்தோம். அதற்கே 5 பாகை குறைந்தது. மாமி, உங்கள் ஊதுபத்திதான் அதைக் காட்டியது.

தூசிக்கு முன்பக்கம் நுளம்பு வலை ஒற்றை மடிப்பாகப் போட்டிருக்கிறேன். இரட்டையாகப் போட்டுப் பார்த்தேன், காற்று நெரிபட்டது. கச்சான் காலம் முடியும்வரை கிழமைக்கு ஒருதரம் கழற்றிக் கழுவ வேண்டும், அது பெரிய வேலை இல்லை. இப்போது அறை 33 பாகையில் இருக்கும்போது, வீடியோ ஓடினாலும் ப்ராசசர் 74ஐத் தாண்டுவதில்லை. சத்தமும் குறைந்துவிட்டது, பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதுமான காற்று வருகிறது.

வீடியோவுக்காக இரண்டு கிழமை பொறுத்திருந்த மாப்பிள்ளை பொம்பிளை வீட்டாருக்கும் நன்றி. ஒரு நாளும் கடுமையாகப் பேசவில்லை.

நானா, உங்கள் அரைவட்ட அரம் என் பையோடு வந்துவிட்டது, நேற்றுத்தான் கண்டேன். வெள்ளிக்கிழமை கடை பூட்டியிருக்கும், அதனால் சனி காலை கொண்டுவருகிறேன். இந்த முறை பிளேன்டீ நான் கொண்டுவருவேன், மறுக்கக் கூடாது.