கிளாரினெட்டுக்கு மேடையில் இடம் கொடுங்கள்

நாட்டிய விழா நடத்தும் சபாக்களின் செயலாளர் பெருமக்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஓர் அரங்கேற்றத்தில் கிளாரினெட் என்ற மேல்நாட்டு ஊதுகுழல் வாசிக்கும் வித்வானை மேடையிலிருந்து எழுப்பிய விவகாரம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். யார், எந்த சபா என்பதற்குள் நான் போகவில்லை. "இது என்ன கல்யாண ஊர்வலமா? பேண்டு வாத்தியம் எதுக்கு?" என்று கேட்டவர் உங்களில் ஒருவர்தான்.

ஆடுகிற பெண் பிடிவாதம் பிடித்ததால் அந்த வித்வானை அனுப்பிவிட முடியவில்லை. பக்கத் திரைக்குப் பின்னால், ஏ.சி. காற்று நேராக அடிக்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். குளிர்ந்துவிட்டால் கிளாரினெட்டின் சுருதி இறங்கும். வாசிக்காத நேரமெல்லாம் அந்தப் பெரியவர் சத்தம் வராமல் உள்ளே ஊதி ஊதிச் சூடேற்றிக்கொண்டிருந்தார். மைக் கிடையாது. பதம், அதாவது அபிநயத்துக்கான பாட்டு, தொடங்கியபோது பாடகியின் முகமும் தெரியவில்லை, ஆடுகிறவரின் முகமும் தெரியவில்லை. அபிநயம் எந்த வரியில் நிற்கிறது என்று பார்க்காமல் எப்படி ஐயா கூடவே போவது?

பேண்டு என்பது வசவு என்றால் அது தஞ்சாவூர் அரண்மனைக்கும் சேரும். 1799இல் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போய், கோட்டையும் அரண்மனையும் மட்டும் மிஞ்சி நின்றவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. அவர் ஐரோப்பிய பாணியில் ஒரு பேண்டு வைத்திருந்தார். அந்தக் காலத்து மேல்நாட்டு இசைத் தாள்கள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. அதே மனிதர்தான் நாட்டியத்துக்கு மராத்தியில் நிரூபணங்கள் என்ற ஆடற்பாடல்களும் எழுதினார். அவரைப் பாட்டுடைத் தலைவராக்கி எழுந்த சரபேந்திர பூபாலக் குறவஞ்சி என்ற நாட்டிய நாடகம் பெரிய கோயிலில் ஆடப்பட்டது. பரதநாட்டியக் கச்சேரிக்கு வடிவம் கொடுத்த சகோதரர்களான தஞ்சை நால்வர் இருந்ததும் அந்தச் சபையில்தான். பேண்டில் ஊதிய கிளாரினெட், பிற்பாடு சின்ன மேளம் எனப்பட்ட நாட்டியக் குழுவில், முகவீணை என்ற சிறிய நாதஸ்வரம் போன்ற குழலின் இடத்துக்கு வந்தது. மகாதேவ நட்டுவனார் என்ற நாட்டிய ஆசான் கொண்டுவந்தார் என்பார்கள். புகழ்பெற்ற பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி ஆடியபோது ராதாகிருஷ்ண நாயுடுவின் கிளாரினெட் கூடவே ஒலித்தது. அதையும் கல்யாண ஊர்வலம் என்பீர்களா?

வயலினும் கப்பலில் வந்ததுதான். அதற்கு ஜமக்காளம் விரிக்கிறீர்கள்.

கேட்டால், இடம் போதவில்லை என்கிறீர்கள். தலைமை விருந்தினர்கள் வரிசையாக உட்கார அதே மேடையில் சோபாக்கள் போட இடம் இருந்தது. அவர்கள் ஒவ்வொருவரும் "நேரமின்மை காரணமாகச் சுருக்கமாக" என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பேசவும் மைக் இருந்தது. அப்புறம், பென் டிரைவைச் செருகிவிட்டு ஆடுகிற நிகழ்ச்சிகளை நீங்கள் தடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மூச்சுப் பிடித்து வாசிக்கிறவர்தான் இடைஞ்சல்! சரி, அதற்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கிளாரினெட் வேண்டும் என்று ஆடுகிறவர் கேட்டால், அந்தக் கலைஞரை மேடையில், பாடகிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு மைக் கொடுங்கள். அழைப்பிதழில் பெயர் போடுங்கள். மற்ற பக்கவாத்தியக்காரர்களுக்குக் கொடுக்கிற சன்மானத்தில் குறைக்காதீர்கள். வேண்டாம் என்பவர் மேல் கிளாரினெட்டைத் திணிக்கச் சொல்லவில்லை. கேட்கிறவருக்கு மறுக்காதீர்கள், அவ்வளவுதான்.

மார்கழி விழா அழைப்பிதழ்கள் அச்சுக்குப் போகும் முன் இதைக் கமிட்டியில் வைத்து முடிவெடுக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். திரைக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கும் சம்பந்தப்பட்ட சபா ஒரு வருத்தக் கடிதம் அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஒரு ரசிகன்