டயரின் நான்கு இலக்கங்கள் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கோவையின் கார் ஆர்வலர் வாட்ஸ்அப் குழுக்களில், பழைய டயரின் தயாரிப்புத் தேதியை மறைத்து மாட்டிவிட்டோம் என்று நம் டயர் கடையைப் பற்றிய குரல் பதிவு ஒன்று இரண்டு வாரங்களாகச் சுற்றிவருவதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். சிலர் அதை எனக்கே அனுப்பி, "அண்ணா, இது உண்மையா?" என்று கேட்டீர்கள். நேரில் வந்தவர்களிடம் சொன்னதை எல்லோருக்கும் எழுத்தில் சொல்வதே முறை என்று கருதுகிறேன்.

பழைய பிஎம்டபிள்யூ இசட்4 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசையாக வாங்கிய அன்பர் ஒருவர், பின்சக்கரங்களுக்கு 255/35 ஆர்18 அளவில் (அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 35 சதவீதம், வீல் 18 அங்குலம்), கையைக் கடிக்காத விலையில் ஒரு ஜோடி டயர் கேட்டார். கொடுத்தோம். பின்னர் வேறோர் இடத்தில் காரை லிஃப்டில் ஏற்றியபோது, இடப்பக்க டயரின் வெளிச்சுவரில் 0825 என்றும், வலப்பக்க டயரின் உட்சுவரில் 1424 என்றும் இருந்ததைக் கண்டிருக்கிறார். இந்த நான்கு இலக்கங்கள்தான் டயர் தயாரான வாரமும் ஆண்டும்: முன்னது 2025ஆம் ஆண்டின் 8ஆவது வாரத்திலும், பின்னது 2024ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்திலும் தயாரானவை. பழைய டயரின் தேதி கண்ணில் படாதபடி திருப்பி மாட்டிவிட்டோம் என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு.

பழைய சரக்கு என்று மட்டும் சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. மறைத்தோம் என்ற சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. அந்த டயர் ஒரே திசையில் உருளும்படி வார்க்கப்பட்டது. அதன் பக்கவாட்டில் அம்புக்குறி உண்டு. மழைத் தண்ணீரை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் தள்ளும் வகையில் அதன் பள்ளங்கள் வெட்டப்பட்டிருப்பதால், அம்பு முன்னோக்கிச் சுழலும்படியே மாட்டியாக வேண்டும். தேதியோ அந்த டயரின் ஒரு சுவரில் மட்டுமே உள்ளது. ஆகவே இடப்பக்கம் தேதி வெளியே தெரிந்தால் வலப்பக்கம் உள்ளே போய்விடும். யார் மாட்டினாலும், எந்தக் கடையில் மாட்டினாலும் இதை மாற்ற முடியாது. இதே வகை டயர் உங்கள் காரில் இருந்தால், டார்ச் அடித்து இரு பக்கமும் பார்த்துவிடுங்கள்.

இரண்டு தேதிகள் ஏன் என்றும் கேட்கிறீர்கள். 2020 ஜூனில் டயர் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது. அதன்பின் உரிமமும் ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லாமல் வெளிநாட்டு டயரைக் கொண்டுவர வழியில்லை. இத்தகைய அபூர்வ அளவுகள் எங்களுக்கு ஒன்றும் இரண்டுமாகத்தான் வந்து சேருகின்றன. ஒரே வாரத்து ஜோடிக்குக் காத்திருந்தால் மாதக்கணக்காகும். 1424 என்றிருந்த டயரும் வெயில் படாமல் அடுக்கிவைத்த, ஒருநாளும் சாலையைத் தொடாத டயர்தான். பயன்பாட்டுக்கு வந்து 5 ஆண்டுகளான பின் ஆண்டுதோறும் சோதிக்கவும், தயாரான நாளிலிருந்து 10 ஆண்டுகளில் கட்டாயம் மாற்றவும் சொல்கிறது மிஷலின் நிறுவனம். இருப்பினும் தேதி வேறுபாட்டை வாய்மொழியாகச் சொன்ன நாங்கள் பில்லில் எழுதாமல் விட்டது எங்கள் தவறு. அதற்காக அந்த அன்பரிடம் மன்னிப்புக் கேட்டு, டயரை மாற்றித் தரவும் அழைத்திருக்கிறோம். இனி ஒவ்வொரு டயரின் நான்கு இலக்கங்களும் பில்லில் இருக்கும். மாட்டுவதற்கு முன் நீங்களே பார்த்துக் கையெழுத்திடலாம்.

ஸ்போர்ட்ஸ் காரைச் சிக்கனமாக வைத்திருக்க நினைப்பவர்களுக்கு எங்களால் இயன்ற வழிகளைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். இசட்4 காரையே எடுத்துக்கொண்டால், பிரேக் இடிக்காதா என்று பார்த்துவிட்டு 17 அங்குல வீல்களுக்கு இறங்கலாம். முன்பக்கம் 225/40 ஆர்18க்குப் பதில் 225/45 ஆர்17 போட்டால் மொத்த விட்டம் சுமார் 3 மில்லிமீட்டர்தான் குறையும். செடான் கார்களிலும் ஓடும் அளவு என்பதால் தேர்ந்தெடுக்க நிறையக் கிடைக்கும். காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்-பிளாட் டயரை விட்டுச் சாதாரண டயருக்கு வந்தால் செலவு இன்னும் குறையும். ஆனால் அந்தக் காரில் ஸ்டெப்னி இல்லை, ஆகவே காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் திரவமும் டிக்கியில் இருந்தே தீரவேண்டும். பெரிய பெயருக்காக ஏழெட்டு வருடத்துப் பழைய டயரைத் தேடிப் போகாதீர்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நடுத்தர விலைப் புது டயர், ஒரே அச்சில் இரண்டும் ஒரே மாதிரி, மழையில் உங்களைக் காப்பாற்றும்.

டயருக்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகியும் விலை பத்து சதவீதம் குறையவில்லையே என்பவர்களுக்கு: வரிக்கு முன் 100 ரூபாயான பொருள் 128இலிருந்து 118 ஆகிறது, கையில் தெரியும் குறைவு எட்டு சதவீதத்துக்கும் சற்றுக் கீழே. அதை முழுமையாகவே தந்திருக்கிறோம். வரும் 1ஆம் தேதி முதல் 18 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளுக்குப் பாதித் தொகை முன்பணம். அது திருப்பித் தரப்படமாட்டாது.

குரல் பதிவு சுற்றிய நாட்களிலும் வழக்கம்போல் வந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு டீக்கடைப் பக்கம் போன உங்கள் ஒவ்வொருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. செட்டிப்பாளையம் பந்தயத் தளத்துக்குப் போகும் தம்பிகள் சிலர் எங்களுக்காகக் குழுவில் வாதாடியதையும் அறிவேன். எங்களிடம் வாங்கிய டயரில் யாருக்கேனும் ஐயம் இருந்தால் காரைக் கொண்டுவாருங்கள். கட்டணமின்றி லிஃப்டில் ஏற்றி, நான்கு டயர்களின் தேதியையும் உங்கள் எதிரிலேயே குறித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கடை உரிமையாளர், கோயம்புத்தூர்